கத்தி எதுவரை போக வேண்டும்?

தில்லி சரோஜினி நகரின் அரசுக் குடியிருப்பில் வசித்த அந்தத் தமிழ் எழுத்தருக்கு வயிற்று வலியே இல்லை. 2014 குளிர்காலத்தில் மூச்சிரைப்புதான் வந்தது. ரத்தம் குறைந்திருந்தது. மூலமாக இருக்கும் என்று இரும்பு மாத்திரை கொடுத்தார் ஒரு டாக்டர். மலம் தார் போல் கறுத்திருந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. இரும்பு மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும் என்பது கூடுதல் வில்லங்கம். எய்ம்ஸும் சஃப்தர்ஜங்கும் கூப்பிடு தூரத்தில் இருந்தும் நான்கு மாதங்கள் ஓடிவிட்டன.

கடைசியில் எண்டோஸ்கோப்பி செய்தபோது இரைப்பைச் சுவரில் வழவழப்பான ஒரு புடைப்பும் அதன் உச்சியில் சிறு புண்ணும் தெரிந்தன. கிள்ளி எடுத்த சதையில் ஒன்றுமில்லை. வீட்டில் நிம்மதி. ஆனால் கட்டி இருந்தது உள்சவ்வுக்கு அடியில். கிள்ளியது சவ்வை மட்டும்.

"வயிறு முழுக்க எடுத்துடுவீங்களா டாக்டர்? அப்புறம் இவர் எப்படிச் சாப்பிடுவார்?" என்று கேட்டார் மனைவி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, அது எந்தக் கட்டி என்று முதலில் தெரிய வேண்டும்.

இரைப்பையில் வழக்கமாக வரும் புற்றுநோய் உள்சவ்வில் பிறக்கிறது. அதற்கு இரைப்பையின் பெரும்பகுதியையும், சில சமயம் முழுவதையும், சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகளோடு எடுக்க வேண்டியிருக்கும். இவருக்கு வந்தது 'ஜிஸ்ட்' என்ற அரிய வகை. குடலின் அசைவுக்குத் தாளம் போடும் கஹால் செல்களோடு தொடர்புடையது. நெடுங்காலம் இதைத் தசைக்கட்டி என்றே எண்ணினார்கள். 'கிட்' என்ற மரபணுவின் கோளாறு பல ஜிஸ்ட் கட்டிகளுக்குக் காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 1998ல் காட்டினார்கள். சிடி117 என்ற சாயச் சோதனை கட்டியை அடையாளம் காட்டுகிறது. அல்ட்ராசவுண்ட் பொருத்திய எண்டோஸ்கோப் வழியே ஊசி செலுத்தி எடுத்த சதையில் இவருக்கு அது தெரிந்தது.

ஜிஸ்ட் நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவுவது அபூர்வம். வசதியான இடத்தில் இருந்தால் கட்டியையும் சுற்றிலும் கொஞ்சம் சுவரையும் வெட்டியெடுத்துத் தைத்தால் போதும். கட்டி உடைந்துவிடக் கூடாது. உடைந்தால் வயிறெங்கும் விதைத்த மாதிரி ஆகிவிடும். இவருக்கு இரைப்பையின் பெரும்பகுதி தப்பியது. ஐந்தாம் நாள் குழைந்த ரசம் சாதம்.

கட்டியின் அளவு, பிளவுபடும் செல்களின் எண்ணிக்கை, இருக்கும் இடம் ஆகியவைதான் அடுத்த கட்டத்தைத் தீர்மானிக்கின்றன. அபாயம் அதிகம் என்றால் மூன்று ஆண்டுகள் இமாடினிப் மாத்திரை. இவருக்கு அப்படித்தான் ஆயிற்று. இந்த மருந்தின் ஒரு வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998ல் சென்னையில் காப்புரிமை கோரியது. 2006ல் அது மறுக்கப்பட்டது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. நிறுவனம் பலருக்கு இலவசமாகவும் கொடுத்தது என்றாலும், அதன் விலை அப்போது மாதம் சுமார் 1.2 லட்சம் ரூபாயாக இருந்தது. இந்திய நிறுவனங்களின் மாத்திரை அன்று சுமார் 8,000.

எழுத்தர் அல்லவா, பழைய நாட்காட்டியின் பின்புறத்தில் 36 மாதத்துக்குக் கணக்குப் போட்டார். ஒரு பக்கம் 43 லட்சத்து 20 ஆயிரம். மறுபக்கம் 2 லட்சத்து 88 ஆயிரம்.