செவிக்கு ஒரு காவல்

மாத்தளையிலிருந்து மலையேறி எல்கடுவவுக்கு வரும் விருந்தினர் எவரும் முதலிற் புகழ்வது இவ்வூரின் அமைதியைத்தான். அருவியோசை, மிளகுக் கொடிகளில் அலையும் காற்று, வளைவுகளில் ஹாரன் அடித்துக்கொண்டு வரும் பஸ் ஆகிய இவ்வளவே இங்குள்ள ஓசையென்று எண்ணிக்கொண்டு அவர்கள் திரும்பிச் செல்வர். தேயிலைத் தொழிற்சாலைக்குள், தோட்டத்து வழக்கிற் சொல்வதாயின் ‘ஸ்டோரு’க்குள், அவர்கள் கால் வைத்ததில்லை. கொழுந்தை வாட்டும் விசிறிகளும், அதனை உருட்டிக் கசக்கும் இயந்திரங்களும், காயவைக்கும் அடுப்பும், தூளைத் தரம் பிரிக்கும் சல்லடைகளும் ஒருங்கே இயங்கும் வேளையில் அங்கே பேச்சு என்பது உதட்டசைவும் கையசைவுமே. எமது தமையனார் அத்தகைய ஒரு ஸ்டோரில் முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து, உதவி டீமேக்கராக ஓய்வு பெற்றவர். அத்தனை ஆண்டுகளிலும் செவியில் வைத்துக்கொள்ளப் பஞ்சுத் துண்டொன்றேனும் அவருக்கு எவரும் கொடுத்ததில்லை. இன்று அடுக்களையிலிருந்து அண்ணியார் அழைப்பது அவருக்குக் கேட்பதில்லை. எமது தடித்த குரல் கேட்கிறது. ஆயினும் ‘பத்து’ என்றோமா, ‘பட்டு’ என்றோமா என்பதை அவர் எமது முகத்தைப் பார்த்தே அறிந்துகொள்கிறார்.

இவருடைய இளைய மகன் விமானம் ஓட்டப் பயில்கிறான். கனடாவில் வாழும் மூத்த மகளும் மருமகனும் மாதந்தோறும் அனுப்பும் பணத்தில், இரத்மலானையில் உள்ள பயிற்சிப் பள்ளியொன்றில் சேர்ந்திருக்கிறான். அங்கே மாணவர்கள் பொதுவில் அணியும் ஹெட்செட்டுகள் பலர் வியர்வையிலும் ஊறி, மெத்தை கிழிந்து, ஒரு பக்கம் கேட்டும் ஒரு பக்கம் கேளாமலும் இருந்தமையால், சொந்தமாக ஒன்று வாங்கிக்கொள்வது நன்று என்று ஆசிரியர் கூறிவிட்டார். எதை வாங்குவது என்ற ஆராய்ச்சி எம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. முப்பது ஆண்டுகள் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்தோம் என்பதே அதற்கு நாம் பெற்றிருந்த ஒரே தகுதி.

இரத்மலானை பழைய நிலையம். 1935ஆம் ஆண்டு நவம்பர் 27ஆந் திகதி, சென்னைப் பறத்தற் கழகத்தின் தலைமைப் பயிற்றாசிரியராயிருந்த டின்டேல் பிஸ்கோ என்பவர் ‘புஸ் மொத்’ என்னும் சிறு விமானத்தில் வந்து முதன்முதலாக அங்கே இறங்கினார். அக்காலத்து விமானிகளின் செவிகளைத் தோற்தொப்பியைத் தவிர வேறு எதுவும் பெரிதாகக் காத்ததில்லை. இன்று மாணவர் பலரும் பயில்வது செஸ்னா போன்ற சிறு விமானங்களில். அவற்றுள் அமர்ந்திருப்பவனுக்கு ஏறத்தாழ ஓரடி, ஈரடி முன்னால் ஒரு தகட்டுச் சுவர், அதற்கப்பால் இயந்திரம், அதற்கும் அப்பால் சுழல்விசிறி.

இங்கே ஒரு சிறு கணக்கு. வாசகர்கள் பொறுத்தருள்க, வாத்தியார் புத்தி எளிதிற் போகாது. செஸ்னா 152இன் இயந்திரம் நிமிடத்துக்கு 2,400 முறை சுழல்கிறது என்று கொள்வோம். அஃதாவது விநாடிக்கு 40 சுற்று. விசிறிக்கு இரண்டு அலகுகள்; ஆகவே விநாடிக்கு 80 முறை காற்றை அறைகின்றன. இயந்திரத்தின் நான்கு உருளைகளில், ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பதால், அதுவும் விநாடிக்கு 80 முறையே. இவ்விரண்டும் கூடி எழுப்பும் தாழ்ந்த முழக்கமே அக்கூண்டின் பெரும்பங்கு இரைச்சல். மொத்தத்தில் அது 90 டெசிபெல் அளவில் நிற்கும். 85 டெசிபெலை நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் தாங்கலாம் என்றும், அதற்குமேல் மூன்று டெசிபெல் ஏறுந்தோறும் தாங்கும் காலம் பாதியாகக் குறையும் என்றும் அமெரிக்காவின் தேசியத் தொழிற்பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனம் வகுத்திருக்கிறது. அக்கணக்கின்படி 90 டெசிபெலுக்கு உரியது ஏறக்குறைய இரண்டரை மணித்தியாலம். மாணவன் ஒரு முறை பறப்பது ஒரு மணித்தியாலமே. ஆனால் இவன் மாணவனாகவே இருக்கப்போகிறவன் அல்லன். தமையனாரின் செவியும் ஒரே நாளில் கெட்டுவிடவில்லை.

ஹெட்செட்டுகள் இரு வகையின. முதல் வகை தடித்த கிண்ணங்களால் செவியை மூடி, தலையின் இரு புறமும் அழுத்தி, ஓசையை வெறுமனே தடுப்பது. டேவிட் கிளார்க் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் பச்சை நிறக் கிண்ணங்களை விமானிகளின் படங்களில் கண்டிருப்பீர்கள். அதன் பெயர்பெற்ற ஒரு வகைக்கு 23 டெசிபெல் குறைப்பு என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும். இவ்வகை உயர்ந்த கீச்சொலியை நன்கு தடுக்கும். தாழ்ந்த முழக்கத்தை அவ்வளவாகத் தடுக்காது. சுவருக்கப்பால் கோயில் மேளம் அடிக்கும்போது நாதசுரம் மங்கி, தவிலின் அதிர்வு மட்டும் வீட்டுக்குள் வருவதில்லையா, அதுபோல.

இரண்டாவது வகை, அத்தாழ்ந்த முழக்கத்தையே எதிர்த்து நிற்பது. கிண்ணத்தினுள்ளே ஒரு சிறு ஒலிவாங்கி இருந்து, உட்புகும் இரைச்சலைக் கேட்கிறது. அவ்வலை மேடாகும்போது பள்ளமாகவும், பள்ளமாகும்போது மேடாகவும் உள்ள வேறோர் அலையை மின்சுற்று உடனே எழுப்புகிறது. மேடும் பள்ளமும் கூடிச் சமனாகின்றன. இக்கருத்து புதியதன்று, பவுல் லூயெக் என்னும் ஜெர்மானியர் 1936ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை பெற்றார். எனினும் அதனைத் தலையில் அணியும் பொருளாக்கி விற்பனைக்குக் கொணர ஐம்பது ஆண்டுகளுக்கு மேற் சென்றன. வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்று குடியேறிய ஒருவரின் மகனும், அங்கே பேராசிரியராக இருந்தவருமான அமர் போஸ், 1978இல் சூரிச் நகரிலிருந்து பொஸ்டனுக்குப் பறந்தபோது, விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் இசையை இரைச்சல் விழுங்கிவிட்டதைக் கண்டு, பயணம் முடியுமுன்பே இதற்கான கணக்குகளைத் தாளில் எழுதிப் பார்த்தாராம். 1986இல் ‘வொயேஜர்’ விமானத்தில் டிக் ரூட்டன், ஜீனா யேகர் இருவரும் எங்கும் இறங்காமலும் எரிபொருள் நிரப்பாமலும் ஒன்பது நாளில் உலகைச் சுற்றி வந்தபோது, அவர் நிறுவனத்தின் மாதிரி ஹெட்செட்டுகளே அவர்கள் செவிகளைக் காத்தன. 1989இல் அது விமானிகளுக்கு விற்பனைக்கு வந்தது.

இவையனைத்தையும் படித்தபோது எமக்கும் ஆசை பிறந்தது உண்மை. ஆசைக்கு மேலான காரணமும் ஒன்றுண்டு. விமானியின் வானொலிப் பேச்சு ஆங்கிலத்தில் நிகழ்வது. அப்பேச்சில் எண்கள் மயங்கக்கூடாது என்பதற்காக, ஒன்பதை ‘நைனர்’ என்றும், ஐந்தை ‘ஃபைஃப்’ என்றும், மூன்றை ‘ட்ரீ’ என்றும் உச்சரிக்கவேண்டுமென உலகப் பொது விதியே வகுத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாக உடையவர்க்கும் இத்துணைக் காவல் தேவைப்படுகிறது. தோட்டப் பாடசாலையில் தமிழிற் கற்று, ஆங்கிலத்தைப் பின்னர் முயன்று பெற்ற பிள்ளைக்கு, இரைச்சலின் ஊடே விரைந்து வரும் கட்டளையில் ஓர் எண் தவறினால் என்னாகும்? இவ்வெண்ணம் எம்மை இரண்டு இரவுகள் உறங்கவிடவில்லை.

பின்னர் விலையைப் பார்த்தோம். இரைச்சலை எதிர்க்கும் உயர்ந்த ஹெட்செட் 1,200 டொலருக்கு மேல். தடுக்கும் வகையில் நல்லதொன்று 400 டொலர் அளவு. டொலருக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், 1,250 டொலர் என்பது 375,000 ரூபாய். 2024இல் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாய். எமது ஊரில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் ஏறத்தாழ 278 நாள் உழைப்பு ஒரு பிள்ளையின் இரு செவிகளின் மேல் ஏறி அமரும் என்று தெரிந்தபின், அப்பொருளைப் பற்றி இலேசாகப் பேச எம்மால் இயலவில்லை.

மலிவான சரக்குகளும் உண்டு. அவற்றை நாம் முதலிலேயே விலக்கினோம். வீட்டில் பாட்டுக் கேட்கும் நவீன ஹெட்போன்களையும் அவ்வாறே. இரைச்சலை அடக்குவதாகச் சொல்லி அவற்றையும் விற்கிறார்கள். ஆனால் உதட்டின் ஓரத்தைத் தொடுமளவு அருகில் நின்று, இரைச்சலை விட்டுக் குரலை மட்டும் பொறுக்கும் ஒலிவாங்கி அவற்றில் இல்லை. விமானிக்குக் கேட்பது பாதி. கேட்கப்படுவது மறு பாதி.

இதனிடையே மகன் தன் பள்ளியில் மூத்த மாணவர் இருவரிடம் இரவல் வாங்கி, இரு வகையையும் ஒவ்வொரு நாள் அணிந்து பறந்தான். அன்றிரவு தொலைபேசியில், “பொத்தானை அமத்தினதும் ஸ்டோர்ல கரண்ட் போன மாதிரி இருந்திச்சு சித்தப்பா” என்றான். ஸ்டோரின் அருகே வளர்ந்தவனன்றி வேறெவனும் இவ்வுவமையைச் சொல்லியிருக்க முடியாது. பொத்தானை அணைத்தபோது என்னவாயிற்று என்று கேட்டோம். வாங்குவோர் பலர் கேட்க மறப்பது இதுவே. மின்கலம் வானில் தீர்ந்துபோனால், எஞ்சுவது வெறுங் கிண்ணந்தானே. அணைத்தவுடன் அந்த இலேசான ஹெட்செட் பச்சைக் கிண்ணத்தைவிடக் குறைவாகவே தடுத்தது என்றான். விமானம் மிக மெதுவாகி விழும் நிலையை நெருங்குகையில் ஊதும் எச்சரிக்கைக் குழல், கீச்சொலியாதலால், இரண்டிலும் நன்றாகவே கேட்டதாம்.

அவன் சொன்ன இன்னொரு செய்தியே எமது ஆராய்ச்சியைத் திருப்பியது. இரண்டையும் அணிந்து தலையைத் திருப்பும்போதெல்லாம் இடப்பக்கத்தில் இரைச்சல் குபீரென்று புகுந்தது என்றான். பிள்ளை மூக்குக்கண்ணாடி அணிபவன். அதன் தடித்த பிளாஸ்டிக் கால்கள் கிண்ணத்தின் மெத்தையைத் தூக்கி, விரலளவு வழி விட்டிருந்தன. மடையில் ஒரு துளை இருந்தால் கரை எவ்வளவு உயரமாயிருந்து என்ன பயன்? பெட்டியில் அச்சிட்ட 23 டெசிபெல் இவன் தலையில் எவ்வளவாக மிஞ்சியதோ! மறுவாரம் மாத்தளைக் கடையொன்றில், கம்பிபோல் மெலிந்த கால்களையுடைய ஒரு சட்டத்துக்கு அவனுடைய கண்ணாடிகளை மாற்றினோம். அடுத்த பறப்பில் பச்சைக் கிண்ணமே வேறொரு பொருளாய் மாறிவிட்டது என்று அறிவித்தான். கிண்ணத்துக்குள்ளே, மருந்துக் கடையில் விற்கும் மெத்தென்ற செவியடைப்பான்களையும் வைத்து, வானொலியின் ஒலியைச் சற்று உயர்த்திக்கொண்டால், பேச்சு தெளிவாகவும் முழக்கம் தொலைவிலும் இருக்கும் என்று ஆசிரியரும் சொல்லிக் கொடுத்தார். தனி விமானிகள் பலர் கைக்கொள்ளும் பழைய முறை இது.

ஆகவே 400 டொலர் கிண்ணமே இப்போதைக்குப் போதும் என்று நாம் தீர்ப்புக் கூறினோம். தமையனார் ஏற்கவில்லை. அவருடன் வாதிடுவது எளிதன்று. நாம் உரத்துப் பேசப் பேச, கோபிக்கிறோம் என்று அவர் நினைப்பார். எனவே மகன் பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் கணக்கை எழுதி அவர் முன் வைத்தான். மிச்சமாகும் பணத்துக்கு இத்தனை மணித்தியாலம் மேலதிகமாகப் பறக்கலாம் என்று அடிக்கோடும் இட்டான். அவர் நெடுநேரம் அதைப் படித்தார். “பறக்கிற மணித்தியாலத்தைப் பொறகும் வாங்கலாம் தம்பி, காதை எந்தக் கடையில வாங்குறது?” என்று எம்மைத்தான் கேட்டார். தம் சேமலாப நிதிப் பணத்தில் எஞ்சியிருந்ததை அதற்கென்றே அவர் ஒதுக்கி வைத்திருந்தது அப்போதுதான் எமக்குத் தெரிந்தது.

அதற்கு விஞ்ஞானம் கற்பித்தவரிடம் விடை இல்லை. மகன் தாளைத் திருப்பி வாங்கி, “வேலை கெடைச்சதும் மொத மாசச் சம்பளத்துல அதை வாங்குறேன். அதுவரைக்கும் வருசா வருசம் காதைச் சோதிச்சுக் காட்டுறேன்” என்று எழுதினான். நாளெல்லாம் பறக்கும் தொழிலுக்கு வரும்போது எதிர்க்கும் வகையே ஏற்றது என்பதில் எமக்கும் ஐயமில்லை. தமையனார் தலையசைத்தார். ஒப்பினாரா, உதட்டசைவைப் பார்த்துப் பழகிய வழக்கத்தில் அசைத்தாரா என்பதை நாம் அறியோம். அந்த நிதிப்பணம் வங்கியில் அப்படியே இருக்கிறது; எவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

வாங்கும்போது கவனித்த சிறு விடயங்களையும், பிறர்க்குப் பயன்படலாம் என்பதால், சொல்லிவிடுகிறோம். சிறு விமானத்தில் ஹெட்செட்டைச் செருகும் முனைகள் இரண்டு; ஒன்று கேட்க, ஒன்று பேச. இரண்டும் ஒரே தடிப்பின அல்ல. ஹெலிகொப்டருக்குரியது வேறு. முனை மாறி வாங்கியவர்கள் இணைப்பி தேடி அலைவார்கள். மெத்தைகள் தனியே கிடைக்குமா என்றும் கேட்கவேண்டும்; எமது நாட்டு வியர்வையில் அவை விரைவில் இறுகிப்போகும், இறுகிய மெத்தை செவியைப் பொருந்தி மூடாது. பருத்தித் துணியில் உறையொன்று அண்ணியார் தைத்துப் பார்த்தார். அழகாயிருந்தது. இரைச்சல் புகுந்ததால் கழற்றியாயிற்று.

விடுமுறைக்கு வந்த மூத்த மகள் ஹெட்செட்டைக் கனடாவிலிருந்து தன் பெட்டியிற் கொண்டுவந்தாள். அதற்கு முன்பே கண்டியில் மகனின் செவியைச் சோதித்தோம். அறையிலிருந்து வந்தவன் கையில் ஒரு தாள். வலச் செவிக்கும் இடச் செவிக்கும் இரண்டு கோடுகள், மேலே ஏறத்தாழ நேராக ஓடின. தமையனாருடைய பழைய தாளில் 4,000 ஹெர்ட்ஸ் என்னும் இடத்தில் இரண்டு கோடுகளும் பள்ளத்தில் இறங்கியிருக்கும். அவர் இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, யன்னலின் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு மகனுடையதை மட்டும் பிளாஸ்டிக் உறையிலிட்டு அலுமாரியில் வைத்து, அடுத்த தாள் வரவேண்டிய திகதியை நாட்காட்டியில் குறித்துக்கொண்டார்.