மூடிய ஜன்னலுக்குள்ளே

நானுஓயாவில் வீட்டுக்குள் காற்றைக் கெடுப்பது குளிர்தான். கொழும்பிலிருந்து வரைபடத்தோடு வருகிறவர்களுக்கு இது சட்டென்று பிடிபடுவதில்லை. அவர்கள் அறிந்த பசுமைக் கட்டடங்கள் பெரும்பாலும் வெக்கையோடு மல்லுக்கட்டுபவை. 2008இல் துல்ஹிரியவில் திறந்த எம்ஏஎஸ் துருலி ஆடைத் தொழிற்சாலை அப்படியொன்று. நீர் ஆவியாகும்போது காற்று குளிர்வதை வைத்தே ஏசியைத் தவிர்த்து, லீட் பிளாட்டினம் சான்றிதழும் பெற்றது. நல்ல வேலை. ஆனால் 1,600 மீற்றருக்கு மேலே, தை மாத விடியலில் புல்லில் உறைபனி படிகிற பக்கத்தில், பெரிய ஜன்னல் வைத்தால் போதும் என்பது செல்லாது. ராதெல்லப் பக்கம் ஒரு வீட்டில் அம்மாயி சொன்னார்: "தொறந்தா குளிரு, மூடுனா பொகை. புள்ளைங்களுக்கு எதத் தம்பி குடுக்கிறது?"

தோட்டத் தொழிலாளரின் பழைய லயத்துக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம் என்றால் பின்சுவரில் ஜன்னலுக்கே வழியில்லை. அடுப்பு இஸ்தோப்பிலோ உள் மூலையிலோ எரியும். கவ்வாத்தில் வெட்டிய தேயிலைச் சுள்ளியான மிலாறு மழையில் நனைந்திருந்தால் புகை இரண்டு மடங்கு.

புகை கண்ணுக்குத் தெரியும், ஈரம் தெரியாது. 20 பாகையில் ஒரு கனமீற்றர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும், 10 பாகையில் ஒன்பது சொச்சம்தான். சோறு வெந்து, துணி காய்ந்து, ஐந்து பேர் மூச்சுவிட்டு நிறைந்த காற்று இரவில் குளிர்ந்த தகரத்தைத் தொட்டால் மிச்ச நீர் சொட்டாக விழும். கூரைக் கட்டை உளுத்துப்போகும், அலுமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் கறுக்கும், பிள்ளைக்கு நெஞ்சு இழுக்கும். வீட்டின் ஆயுளும் ஆளின் ஆரோக்கியமும் ஒரே ஈரத்தில்தான் கெடுகின்றன. பத்து வருஷத்தில் பிரித்துக் கட்டவேண்டிய வீட்டை, அது எவ்வளவு குறைந்த சீமெந்தில் எழுந்தாலும், பசுமை வீடு என்று என்னால் சொல்லமுடியாது.

இந்த மலைக்கு இந்த அறிவு புதிதல்ல. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியைப் பாருங்கள். வரிசையாக ஜன்னல், விசிறி, ஈரக்குமிழும் உலர்குமிழுமாக வெப்பமானி. காற்றின் ஈரம் பார்த்து வெப்பக் காற்றைக் கலப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பார்கள். கொழுந்துக்குக் கொடுத்த கவனத்தில் பாதி அதைப் பறித்தவளின் காம்பராவுக்குக் கிடைக்கவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

விறகைச் சேமிப்பதும் காற்றைக் காப்பதும் ஒன்றென்றும் நினைக்கக்கூடாது. அனகி மண்ணடுப்பு இரண்டு சட்டியை ஒரே தீயில் வேகவைக்கிறது, விறகு மிச்சம். காட்டுக்கும் சுமக்கிற முதுகுக்கும் நல்லது. ஆனால் அதற்குப் புகைபோக்கி கிடையாது. வீட்டுப் புகையால் உலகில் 2020இல் மட்டும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார அமைப்பு மதிப்பிடுகிறது. அடுப்பை மாற்றிவிட்டுப் புகைக்கு வழி விடாமல் போவது அரைவேலை.

இப்போது தனிக் காணியில் எழும் வீடுகள் பெரிய முன்னேற்றம். இந்திய உதவித் திட்டத்தில் 550 சதுர அடி, தனி வீடு, நாலு பக்கமும் வெளிச்சம். 2017இல் நோர்வூட் கூட்டத்தில் அறிவித்த கூடுதல் 10,000ஐயும் சேர்த்தால் மொத்தம் 14,000. அங்கே நான் சண்டைபிடிப்பது சில விஷயங்களுக்குத்தான். தென்மேற்குக் காற்று அறையாத பக்கம் குசினி. முகட்டுக்கு இரண்டடி மேலே புகைபோக்கி வாய். தகட்டுக்குக் கீழே ஃபாயில் விரிப்பும் சீலிங்கும். ஜன்னல் மூடியிருந்தாலும் அடைபடாதபடி சுவர் உச்சியில் காற்றுத்துளை. பகலுக்கு மேல் மூடுபனி இறங்கிவிடுவதால் கூடத்து ஜன்னல் கிழக்கே, காலை வெயிலுக்கு. காசு குறைந்தால் முதலில் வெட்டப்படுவது சீலிங். அதற்குப் பதில் முன்வாசல் அலங்காரத்தை வெட்டச் சொல்வேன், கேட்கும்வரை சொல்வேன்.

சாவி கொடுப்பதற்கு முந்திய இரவு, ஜன்னல் கதவெல்லாம் சாத்தி, ஈர மிலாறை எரியவிட்டுப் படுக்கையறையில் உட்கார்ந்திருப்பேன். கண் கரித்தால் புகைபோக்கியை இன்னொரு அடி ஏற்றிய பிறகுதான் சாவி.