சிவனொளிபாத மலையில் ஒரு நேர்த்தி

மட்டக்களப்பு வாவிக்கரையிற் பிறந்தவர்களுக்கு மலை என்பது தொலைவிலே தெரியும் நீலக்கோடு மாத்திரமே. எழுவான்கரையில் நின்றாற் கடல். படுவான்கரைக்குச் சென்றால் வயல். சமநிலத்திலே நடந்து பழகிய கால்கள் எம்முடையவை. அத்தகைய கால்களுடன் 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாத மலைக்கு என் தாயாரை அழைத்துச் செல்ல நேர்ந்தது.

1989ஆம் ஆண்டில் எனக்கு நெருப்புக்காய்ச்சல் கண்டபோது அம்மா வைத்த நேர்த்தி அது. போர்க்காலத்தில் அது நிறைவேறவில்லை. 2009இற் போர் ஓய்ந்தபின் தந்தையார் நோயுற்றார். அவர் மறைந்து, அம்மாவுக்கு எழுபது வயதும் கடந்த பின்னரே பயணம் கைகூடிற்று.

இம்மலை மத்திய மாகாணமும் சப்பிரகமுவ மாகாணமும் சந்திக்கும் எல்லையிலே நிற்கிறது. ஆகையால் இருபுறமிருந்தும் ஏறலாம். ஹற்றனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணியை அடைந்து, ஏறத்தாழ 5,500 படிகளைக் கடந்து செல்வது ஒரு வழி. இரத்தினபுரியிலிருந்து பலாபத்தல ஊடாகச் செல்வது மற்றொன்று, நீண்டது, கடினமானது. குருவிற்றவிலிருந்து எரத்ன ஊடாகவும் ஒரு பாதை உண்டு.

தந்தையார் தம் இளமையில் இரத்தினபுரி வழியாக ஏறியவர். மற்ற வழியை அவர் யாத்திரையாகவே மதித்ததில்லை. 1344இல் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியின் உதவியோடு இம்மலைக்குச் சென்ற அரபு யாத்திரிகர் இப்னு பதூதாவும் இவ்வாறே ஒரு செய்தியை எழுதிவைத்துள்ளார். ஆதாமின் பெயரால் ஒரு கடும்பாதையும் ஏவாளின் பெயரால் ஓர் எளிய பாதையும் இருந்தனவாம். எளிய பாதையால் ஏறியவரை யாத்திரை செய்தவராக எவரும் கொள்வதில்லையாம். இதனைப் படித்திருந்த நான், தந்தையார் சென்ற வழியிலேயே செல்லவேண்டுமென்று பிடிவாதமாக நின்றேன்.

அம்மா அமைதியாகச் சொன்னார்: "மகன், நேர்த்தி வைச்சது மலைக்குத்தான், வழிக்கு இல்லை."

கல்லூரியில் இருபது ஆண்டுகள் கற்பித்த எனக்கு அதற்கு விடை தெரியவில்லை. பொல்காவலையிற் புகையிரதம் மாறி ஹற்றனுக்குச் சென்றோம்.

மார்கழிப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரை யாத்திரைக் காலம். நாங்கள் சென்றது மாசி மாதம். இரவு பத்து மணிக்கு ஏறத் தொடங்கினோம். சீத கங்குல என்னும் குளிர்ந்த ஓடையிலே முகம் கழுவியவர்கள் மேலே நடந்தனர். இறங்கி வருவோரும் ஏறுவோரும் "கருணாவை" என்று ஒருவரையொருவர் வாழ்த்திக்கொண்டனர். பௌத்தருக்குப் புத்தர் பாதம். எமக்குச் சிவன் பாதம். இஸ்லாமியருக்கு ஆதாமின் பாதம். படி மட்டும் எல்லோருக்கும் ஒன்றே.

செங்குத்தான கடைசிப் பகுதியில் அம்மா உட்கார்ந்துவிட்டார். திரும்பிவிடலாம் என்றேன். அவ்வேளை வெள்ளை உடுத்த சிங்கள மூதாட்டி ஒருவர் அருகில் அமர்ந்து, தம் பையிலிருந்த தைலத்தை எடுத்து அம்மாவின் முழங்காலிலே தேய்த்தார். இவருக்குச் சிங்களம் தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. இருவரும் கைகோத்து எழுந்தனர். பத்துப் படிக்கு ஒருமுறை நின்று நின்று விடியுமுன் உச்சியை அடைந்தனர். நான் பின்னால் அவர்களின் பைகளைச் சுமந்து சென்றேன்.

கதிரவன் எழுந்ததும் மலையின் நிழல் மேற்கே முக்கோணமாக மூடுபனியின்மீது விழுந்தது. எத்தனை முறை ஏறினோமோ அத்தனை முறை அங்குள்ள மணியை அடிப்பது வழக்கம். அந்த மூதாட்டி பலமுறை அடித்தார். அம்மா ஒரேயொரு முறை அடித்தார்.

செல்ல விரும்பும் அன்பர்கள் கம்பளி ஆடையும் ஊன்றுகோலும் மறவாது கொண்டு செல்க. வயோதிபரை அழைத்துச் செல்வோர் வழியை அவர்களே தெரிந்தெடுக்க விடுக. தந்தையாரின் பாதையில் நான் இன்னும் ஏறவில்லை. அதில் ஏறவேண்டும் என்ற ஆசை உண்டு. ஆனால் அதுவே உயர்ந்த வழி என்ற எண்ணம் இப்போது இல்லை.