பின்பக்கத் தூண்கள்

சியாமெனில் ரயிலேறி சுவான்சௌவில் இறங்கியதிலிருந்து ஓட்டம்தான். ஒரே நாளில் மாணவர்களுக்கு ஊர் முழுவதையும் காட்டிவிடுவதாகத் தீர்மானம். 1009இல் எழுந்ததாகச் சொல்லும் சிங்ஜிங் மசூதி, கடல்வாணிப மியூஸியம், பாதிச் சாப்பாடு.

கையுவான் கோயிலில் எல்லோரும் இரட்டைக் கோபுரங்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பெரிய மண்டபத்தின் பின்பக்கம் போனேன். பட்டை தீட்டிய இரண்டு கல்தூண்கள். ஒன்றில் இரணியனைக் கிழிக்கும் நரசிங்கம். ஆனைமலையில் 770இல் குடைந்த நரசிங்கத்தைப் பார்த்தவனுக்கு இங்கே யாரும் விளக்க வேண்டியதில்லை.

1281இல், குப்ளாய்கான் காலத்தில், இவ்வூரில் சிவனைப் பிரதிஷ்டை செய்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு உண்டு. கோயில்கள் போய்விட்டன. கற்களைச் சீனர்கள் வீணாக்கவில்லை, புத்தருக்குக் கொடுத்துவிட்டார்கள். நல்ல காரியம் என்றே எனக்குப் படுகிறது.

"உங்க சாமியா?" என்றான் கூடப் படிக்கும் சீனப் பையன்.

தமிழன் பெருமை நாக்கின் நுனிவரை வந்தது. ஆனால் கப்பலேறியது வியாபாரிகளின் சாமி. எழுமலையில் எங்கள் பேச்சியம்மனுக்குத் தூண் கிடையாது, கூரையும் கிடையாது. உசிலம்பட்டியைக்கூட அவள் தாண்டியதில்லை. இதையெல்லாம் என் அரைகுறைச் சீனத்தில் எப்படிச் சொல்வது?

"தெரிஞ்ச சாமி" என்றேன்.

வழிகாட்டிப் பெண் கொடியை ஆட்டினாள். அடுத்தது லோயாங் பாலம், 1059இல் கட்டி முடித்தது. பஸ் புறப்பட்டுவிடும் என்றாள்.