மீகாங் நதியின் பெருமீன்



நம் ஊர்ப் பள்ளிவாசல்களின் ஹவுளில் மீன்கள் வளர்வதை நீங்கள் சிறு பிராயம் முதலே கண்டிருப்பீர்கள். உளூச் செய்யக் குனிகையில் விரல் நுனியை வந்து தொட்டுவிட்டு ஓடும் அந்தச் சிறு மீன்களைக் கண்டு மகிழாத பிள்ளை யார்? அவையும் அடைத்து வைக்கப்பட்ட உயிர்களே என்னும் எண்ணம், பிள்ளைகளுக்கு மார்க்கம் போதிக்கும் எனக்கு, நாற்பது வயதைக் கடக்கும் வரை தோன்றியதில்லை. அதைத் தோற்றுவித்தது ஒரு தாய்லாந்துப் பயணம். அதைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

என் தாய்மாமன் மகன் பாங்காக்கில் இரத்தின வணிகம் செய்கிறார். சீலோம் சாலைப் பகுதியில் நம்மவர் பலர் தலைமுறை தலைமுறையாக இத்தொழிலில் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். கோடை விடுமுறையில் அவருடைய அழைப்பின் பேரில் சென்றிருந்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்த பின்னர், "வாங்க மச்சான், நீங்க எங்கேயும் பார்த்திருக்காத ஒரு மீனைக் காட்டுறேன்" என்று நகரத்தின் புறத்தே இருந்த ஓர் ஏரிக்கு அழைத்துச் சென்றார்.

தூண்டிலில் சிக்கிய வெட்கம்

அது கட்டணம் செலுத்தித் தூண்டில் போடும் ஏரி. பிடித்த மீனை உண்பதற்கு அங்கே அனுமதியில்லை. படம் எடுத்துக்கொண்டு மீண்டும் நீரிலேயே விட்டுவிட வேண்டும். தவிட்டையும் ரொட்டித் தூளையும் பிசைந்து உருண்டையாக்கித் தூண்டிலில் வைத்து என் கையில் கொடுத்தார்கள். கால் மணி நேரத்திற்குள் கம்பு வில்லாக வளைந்தது. வாசகர்களே, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: அந்த அரை மணி நேரம் நான் சிறுவனாகிவிட்டேன். கைகள் நடுங்க, வியர்வை வழிய, சுற்றியிருந்தோர் ஆரவாரம் செய்ய, இழுத்தேன்.

கரைக்கு வந்தது ஒரு சாம்பல் நிற மீன். செதில் இல்லை, வாயில் பல் இல்லை. கண்கள் தாழ்வாக, வாயின் மட்டத்தில் இருந்தன. நாற்பது கிலோ இருக்கும் என்றார் ஊழியர். இது சிறியது என்றும் சொன்னார். இருவர் அதைத் தாங்கிப் பிடிக்க, என்னை அருகில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அப்போதுதான் அதன் உதடுகளைக் கண்டேன். என் முள் குத்திய இடத்தின் அருகே பழைய தழும்புகள் பல இருந்தன. எத்தனை பேர் இதைப் பிடித்து மகிழ்ந்து விட்டிருப்பார்கள்! இனி எத்தனை பேர் பிடிப்பார்கள்!

உயிருள்ள எதனையும் குறியாக வைத்து விளையாடுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள் என்பதை நானே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். உண்பதற்காகப் பிடிப்பது வேறு. வலிக்கச் செய்து விளையாடிவிட்டு, மறுநாள் விளையாட்டுக்காக விட்டு வைப்பது வேறு. அந்தப் படத்தை இதுவரை நான் யாருக்கும் காட்டவில்லை.

நதியின் கரையில்

அம்மீனின் பெயரைக் கேட்டேன். தாய் மொழியில் 'பிளா பூக்' என்றார்கள். 'பிளா' என்றால் மீன். 'பூக்' என்றால் மிகப் பெரியது. கெளுத்தி இனத்தைச் சேர்ந்த இம்மீனுக்கு மீகாங் நதியைத் தவிர உலகில் வேறு தாயகம் இல்லை. நம் ஊர்க் கடைகளில் 'பாசா' என்று விற்கப்படும் மீன் இதன் நெருங்கிய உறவு. அதன் சொந்த நதியைப் பார்க்காமல் திரும்ப மனம் வரவில்லை. மச்சானும் நானும் இரவுப் பேருந்தில் ஏறி, வடகோடியிலுள்ள சியாங்ராய் நகரை அடைந்து, அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் சென்று சியாங்கோங் என்னும் சிற்றூரில் இறங்கினோம்.

செம்மண் கலந்த நீருடன் மீகாங் அங்கே அகன்று ஓடுகிறது. எதிர்க்கரை லாவோஸ் நாடு. ஊரின் ஒரு பகுதியான ஹாட் கிராய் மீனவர்கள் தலைமுறைகளாக ஏப்ரல், மே மாதங்களில் இப்பெருமீனுக்காக வலை வீசி வந்தவர்கள். முட்டையிடுவதற்காக அது நீரோட்டத்தை எதிர்த்து ஏறி வரும் காலம் அதுவே. 2005 மே மாதத்தில் இங்கே பிடிபட்ட ஒரு மீன் 2.7 மீட்டர் நீளமும் 293 கிலோ எடையும் இருந்தது. அதை உயிரோடு ஆற்றில் விட்டுவிட ஏற்பாடு பேசியிருந்தும் அது இறந்துபோயிற்று, ஊரார் உண்டார்கள்.

1990-இல் ஒரே பருவத்தில் 69 மீன்கள் பிடிபட்ட இத்துறையில், 2001 முதல் 2003 வரை ஒன்றுகூட வலையில் விழவில்லை. மிகையாகப் பிடித்தது ஒரு காரணம். மேலே அணைகள் எழுந்து நீரின் ஏற்ற இறக்கம் மாறியது மற்றொரு காரணம். கப்பல் போக்குவரத்துக்காக ஆற்றுப் பாறைகளை வெடி வைத்துத் தகர்க்கும் திட்டமும் இருந்தது. ஊர் மக்கள் பல்லாண்டுகள் எதிர்த்ததன் பின், 2020-இல் தாய்லாந்து அரசு அதைக் கைவிட்டது. 2003 முதல் இம்மீன், அழிவின் விளிம்பில் நிற்கும் உயிர்களின் பட்டியலில் உள்ளது.

ஆற்றங்கரையில் வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த ஒரு முதியவரிடம் மச்சான் தாய் மொழியில் பேச்சுக் கொடுத்தார். ஏரியில் நான் பிடித்ததைச் சொன்னதும் அவர் சிரித்தார். "குளத்தில் இருப்பது மீன். ஆற்றில் ஏறி வருவதுதான் பிளா பூக்" என்றார்.

குளத்திற்கும் ஒரு வழக்கு உண்டு

அவர் சொன்னது முழு நியாயமா? குளங்களின் வரலாறும் கேட்கத்தக்கதே. 1983-இல் தாய்லாந்து மீன்வளத் துறையினர், ஆற்றில் பிடிபட்ட மீன்களுக்கு இயக்குநீர் ஊசி செலுத்தி, முட்டையையும் விந்தையும் எடுத்துக் கலந்து, முதன்முதலாகக் குஞ்சு பொரிக்கச் செய்தார்கள். தானாக இம்மீன் குளத்தில் இனம் பெருக்குவதில்லை. சிறு குஞ்சுகளுக்குப் பல் உண்டு. பசித்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். வளர்ந்த பின்னரோ பல் உதிர்ந்து, பாசி தின்னும் சாதுவாகிவிடுகிறது! தீனி நன்கு கிடைத்தால் மிக விரைவாகப் பருக்கும் இம்மீன், தாயாகும் பருவத்தை எட்ட மட்டும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. ஆயினும் பொறுத்திருந்தார்கள். குளத்திலேயே வளர்ந்த மீன்களிலிருந்து 2001-இல் அடுத்த தலைமுறையும் பிறந்தது.

எனவே ஆறு கைவிட்டாலும் இனம் முற்றிலும் அற்றுவிடாது. ஆனால், ஒரு சில பெற்றோரிலிருந்தே வந்த குடும்பமாதலால் குளத்து மீன்கள் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவாகிவிடுகின்றன. வேறு இனத்தோடு கலந்த கலப்பு மீன்களும் பெருகிவிட்டன. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீந்தும்படி படைக்கப்பட்டதற்கு, ஒரு குளம் எவ்வளவு பெரிதாயினும் சிறையே.

உயிர்களை வளர்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் என்னும் சிறுவர் ஒரு சிறு குருவியை வளர்த்தார். அது இறந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பரிவோடு அச்சிறுவரிடம் விசாரித்தார்களே அன்றி, ஏன் வளர்த்தாய் என்று கடியவில்லை. இதிலிருந்தே வளர்ப்பதற்கான அனுமதியை அறிஞர்கள் பெற்றார்கள். அதே நபியவர்கள்தாம், பூனையைக் கட்டி வைத்து உணவும் தராமல், தானே இரை தேடிக்கொள்ளவும் விடாமல் சாகடித்த பெண்ணின் கதியையும் எச்சரித்தார்கள். அனுமதி உண்டு, ஆனால் அது அமானிதம். ஏன் வளர்க்கிறோம் என்பதற்கும் எப்படி வளர்க்கிறோம் என்பதற்கும் கேள்வி உண்டு. இனத்தைக் காக்க வைத்திருக்கும் குளமும், களிப்புக்காகக் குத்தி விளையாடும் ஏரியும் ஒன்றல்ல. காக்கும் குளம்கூட, ஆற்றைப் பாழாக்குவதற்குச் சாக்காகிவிட்டால் தன் பொருளை இழந்துவிடும்.

ஊர் திரும்பிய பின்னர் 2024 டிசம்பரில் நடந்த ஒரு செய்தி என் மனத்தைக் குளிர்வித்தது. கம்போடியாவில் சில நாள்களுக்குள் ஆறு பெருங்கெளுத்திகள் வலையில் சிக்கின. அடையாளக் குறியிட்டு, ஆறையும் உயிரோடு ஆற்றிலேயே விட்டார்கள். வெள்ளிக்கிழமைகளில் கஹ்ஃபு சூரா ஓதும்போது, மூஸா (அலை) அவர்களின் கூடையிலிருந்து நழுவிக் கடலில் தன் வழியைக் கண்டுகொண்ட அந்த மீனிடம் வரும் போதெல்லாம், எனக்கு அவையே நினைவுக்கு வருகின்றன.

எங்கள் ஹவுளிலும் ஒரு மாற்றம் செய்தோம். நெரிசலாகிவிட்ட மீன்களில் பாதியைப் பிள்ளைகளை வைத்தே வலையால் வாரி, ஊரின் பெரிய குளத்துக்காரரிடம் ஒப்படைத்தோம். "உஸ்தாது, அதுங்க சந்தோஷமா இருக்குமா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். "அல்லாஹ் அறிவான். நமக்குக் கேள்வி குறையும், மகளே" என்றேன்.

வல்ல நாயன் தன் படைப்புகள் அனைத்தின் மீதும் நமக்கு இரக்கத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.