பிடியில்லாத உளியும் ஒரு மரக்குடிலும்

சொந்தக் கையால் வீட்டைக் கட்டி முடிக்க ஆசைப்படுகிறவர்கள் ரிச்சர்ட் புரோனிகியைத் தெரிந்துகொள்ள வேண்டும். அலாஸ்காவின் ட்வின் லேக்ஸ் ஏரிக்கரையில் 1968இல் மரக்குடில் கட்டியபோது அவருக்கு வயது 50ஐத் தாண்டியிருந்தது. மின்கருவி எதுவும் கிடையாது.

சில கருவிகளைப் பிடியில்லாமலே கொண்டுபோய், அங்கே கிடைத்த மரத்தில் பிடி செதுக்கிப் போட்டுக்கொண்டார். ஸ்ப்ரூஸ் மரத்தடிகளை ஒன்றையொன்று கவ்வும்படி வெட்டி அடுக்கினார். இடுக்குகளில் பாசியைத் திணித்துக் குளிர்காற்றை அடைத்தார். கணப்பைக் கல் வைத்துக் கட்டினார்.

உள்வேலைதான் இன்னும் அழகு! மேல்பாதியும் கீழ்ப்பாதியும் தனித்தனியே திறக்கும் கதவு. அதன் கீல்கள்கூட மரம்தான். கட்டில், மேசை, அலமாரி, கரண்டி என்று எல்லாம் அவரே இழைத்தவை. காலி எரிபொருள் டின்களை வெட்டிப் பாத்திரங்களாகவும் டப்பாக்களாகவும் மாற்றினார். அந்த அறையில் எந்தப் பொருளும் வெறும் அழகுக்காக நிற்பதில்லை. ஆனாலும் பார்க்கப் பார்க்க அழகு.

2003இல் அவர் காலமானார். குடில் இன்று லேக் கிளார்க் தேசியப் பூங்காவின் பராமரிப்பில் இருக்கிறது. கட்டும்போது அவரே எடுத்த காட்சிகள் ‘அலோன் இன் தி வில்டர்னஸ்’ ஆவணப்படத்தில் உள்ளன. தச்சுவேலையில் ஆசையுள்ளவர்கள் அந்தக் கதவு உருவாகும் பகுதியை அவசியம் பாருங்கள்.