வடிவமும் தழும்பும்: மார்பக உயர்த்தல் அறுவையின் நாட்குறிப்பு

மருத்துவ நூல்களில் மாஸ்டோபெக்ஸி என்று வழங்கப்படும் மார்பக உயர்த்தல் அறுவை, தளர்ந்து கீழிறங்கிய மார்பகத்தின் மிகுதித் தோலை நீக்கி, உள்ளிருக்கும் சுரப்பித் திசுவை ஒருங்குசேர்த்து, முலைக்காம்பை மேலான இடத்தில் நிறுத்தும் சிகிச்சையாகும். அறுவை அரங்கில் அதற்குப் பொதுவாக இரண்டு முதல் மூன்று மணிநேரமே தேவைப்படுகிறது. ஆனால் அதற்கான ஆயத்தம் பல வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிடுவதோடு, அதன் பலன் நிலைபெற ஏறத்தாழ ஓராண்டும் பிடிக்கிறது. அந்த நீண்ட காலத்தை அறியாமல் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் பெண் இரண்டாம் வாரத்திலேயே மனம் உடைந்துபோவதும், அறிந்து முடிவெடுப்பவர் அதே வாரத்தைப் பொறுமையுடன் கடப்பதும் இயல்பு. ஆகவே எந்த நாளில் எதை எதிர்பார்க்கலாம், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை, எதைக் கண்டால் தாமதமின்றி மருத்துவமனைக்கு விரைய வேண்டும் என்பவற்றை நாள் வரிசையில் இக்குறிப்புகள் பதிவு செய்கின்றன. உடலுக்கு உடல் மீட்சி வேறுபடுமாதலால், அவரவர் மருத்துவரின் அறிவுரையே இறுதியானது.

முதல் ஆலோசனை நாள்

முதல் சந்திப்பில் பெரும்பகுதி நேரம் அளவெடுப்பிலும் கேள்விகளிலும் கழிகிறது. கழுத்துக்குக் கீழே நெஞ்செலும்பின் உச்சியிலுள்ள குழியிலிருந்து முலைக்காம்பு வரையும், காம்பிலிருந்து மார்பகத்தின் அடிமடிப்பு வரையும் உள்ள தொலைவுகளை மருத்துவர் இருபுறமும் அளந்து குறித்துக்கொள்கிறார். ஏறக்குறைய எல்லாப் பெண்களுக்கும் இரு மார்பகங்களும் அளவிலும் உயரத்திலும் சற்றே வேறுபட்டிருக்கும் என்பதையும், அவ்வேறுபாடு அறுவைக்குப் பின்னும் ஓரளவு எஞ்சும் என்பதையும் அப்போதே எடுத்துக்கூறுவது நல்ல மருத்துவரின் வழக்கம். தளர்ச்சியை மதிப்பிட, கனடாவின் அறுவை மருத்துவர் போல் ரெனோ 1976இல் வெளியிட்ட படிநிலை முறை இன்றும் பயன்படுகிறது. அதன்படி காம்பு அடிமடிப்பின் மட்டத்தில் இருந்தால் முதல் நிலை. மடிப்புக்குக் கீழே இறங்கியும் மார்பகத்தின் அடிவிளிம்புக்கு மேலே இருந்தால் இரண்டாம் நிலை. அடிவிளிம்பிலேயே நின்று தரையை நோக்கினால் மூன்றாம் நிலை.

தளர்ச்சி ஏன் ஏற்படுகிறது என்பதையும் இந்நாளிலேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மார்பகம் சுரப்பி, கொழுப்பு, தோல் ஆகியவற்றால் ஆனது. அதைத் தாங்கும் மெல்லிய இணைப்பு நார்கள், 1840இல் மார்பக உடற்கூற்றைப் பற்றி நூல் எழுதிய ஆங்கிலேய மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பரின் பெயரால் அழைக்கப்படுகின்றன. மார்பகத்தைத் தூக்கி நிறுத்தும் தசை எதுவும் அதனுள்ளே இல்லாமையால், உடற்பயிற்சி அதன் பின்புறத்திலுள்ள நெஞ்சுத் தசையை வலுப்படுத்துமே தவிர, நீண்டுபோன தோலையும் நார்களையும் சுருக்காது. களிம்புகளும் எண்ணெய்களும் அதைச் செய்ய இயலாதவையே. தாய்ப்பால் கொடுப்பதால்தான் மார்பகம் தளர்கிறது என்ற நம்பிக்கை பல குடும்பங்களில் வேரூன்றியிருக்கிறது. ஆனால் அமெரிக்காவின் கென்டக்கியில் பிரையன் ரிங்கரும் சக ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வு வயது, உடல் எடை, கருவுற்ற எண்ணிக்கை, கருவுறுமுன் இருந்த மார்பக அளவு, புகைப்பழக்கம் ஆகியவற்றையே காரணிகளாகக் கண்டது. பாலூட்டலை அவ்வாறு காணவில்லை. அழகு குறித்த அச்சத்தால் ஒரு குழந்தைக்குப் பால் மறுக்கப்படக்கூடாது என்பதால் இம்முடிவு பரவலாக அறியப்பட வேண்டியது.

மேலும் குழந்தை பெறும் எண்ணம் உண்டா, எடை சில மாதங்களாக நிலையாக இருக்கிறதா, குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய் இருந்ததா, முந்தைய காயங்களில் தழும்பு தடித்து வளர்ந்ததா என்பவை மருத்துவர் கேட்கும் முக்கியக் கேள்விகள். இன்னொரு கருத்தரிப்போ பெருமளவு எடை மாற்றமோ அறுவையின் பலனைக் கரைத்துவிடக்கூடும் என்பதால், அவை முடிந்தபின் அறுவை செய்வதே உகந்தது. பெண்ணும் கேட்க வேண்டும்: மருத்துவர் பிளாஸ்டிக் அறுவையில் எம்.சி.ஹெச். அல்லது அதற்கு நிகரான பட்டம் பெற்றவரா, மயக்கவியல் மருத்துவர் யார், அவசர நிலையில் சேர்த்துக்கொள்ளும் வசதி அந்த மருத்துவமனையில் உண்டா என்பவற்றைக் கேட்டறிவது அவருடைய உரிமை.

முறை முடிவாகும் நாள்

இவ்வறுவையின் உட்பொருள் ஓர் ஈடுமாற்றம்: பெண் தளர்ந்த வடிவத்தைக் கொடுத்து, உயர்ந்த வடிவத்தையும் அதனுடன் நிலையான தழும்பையும் பெறுகிறார். எவ்வளவு தோல் நீக்கப்படுகிறதோ அவ்வளவுக்குத் தழும்பும் நீளும் என்பதால், தளர்ச்சியின் நிலையே கீறலின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. சிறு தளர்ச்சிக்குக் காம்பைச் சூழ்ந்த கருவட்டத்தின் விளிம்பில் மட்டும் வட்டமாகக் கீறி, சுருக்குத் தையலிடும் முறை போதுமானது. பிரான்சின் லூயி பெனெல்லி 1990இல் விவரித்த முறை இவ்வகையைச் சார்ந்தது. நடுத்தரத் தளர்ச்சிக்கு வட்டத்தோடு அதிலிருந்து அடிமடிப்பு வரை இறங்கும் நேர்க்கோடும் தேவைப்படும். பெல்ஜியத்தின் மாட்லேன் லெஜூர் இதைப் பரவலாக்கியவர்களுள் ஒருவர். மிகுந்த தளர்ச்சிக்கு மடிப்பை ஒட்டிய கிடைக்கோடும் சேர்ந்து நங்கூர வடிவம் உருவாகிறது. அமெரிக்காவின் ராபர்ட் வைஸ் 1956இல் வெளியிட்ட தோல்வெட்டு வரைவு இதன் அடிப்படை.

எந்த முறையிலும் முலைக்காம்பு உடலிலிருந்து துண்டிக்கப்பட்டு மீண்டும் ஒட்டப்படுவதாகப் பலர் அஞ்சுகின்றனர். ஆனால் வழக்கமான உயர்த்தல் அறுவையில் காம்பு, தனக்கு ரத்தமும் உணர்வும் கொண்டுவரும் திசுத்தண்டோடு இணைந்தபடியே மேலே நகர்த்தப்படுகிறது. அதனால்தான் பெரும்பாலோருக்கு அதன் உயிர்ப்பும் உணர்வும் காக்கப்படுகின்றன. எனினும் பால் குழாய்கள் ஓரளவு பாதிக்கப்படலாமாதலால், பிற்காலத்தில் பாலூட்டல் இயலும் என்றோ இயலாது என்றோ உறுதி கூற முடியாது. உயர்த்தல் அறுவை மார்பகத்தின் பருமனைக் கூட்டுவதில்லை. மேற்பகுதி நிரம்பித் தோன்ற வேண்டுமென விரும்புவோருக்குச் சிலிக்கோன் உள்வைப்பு தேவைப்படலாம், ஆனால் அது தனக்கேயுரிய சிக்கல்களையும், காலப்போக்கில் மறு அறுவைக்கான தேவையையும் உடன்கொண்டு வருகிறது.

அறுவைக்கு நான்கு வாரங்களுக்கு முன்

நிகோட்டின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கி, இடம் மாற்றப்பட்ட தோலுக்கும் காம்புக்கும் செல்லும் ரத்தத்தைக் குறைக்கிறது; அதன் விளைவாகத் திசு அழுகவும் புண் ஆறாமல் பிரியவும் வாய்ப்புண்டு. ஆகவே அறுவைக்கு முன்னும் பின்னும் குறைந்தது நான்கு வாரங்களேனும் புகைப்பதை நிறுத்த வேண்டும். வெற்றிலையோடு புகையிலை போடும் பெண்கள் இது தங்களுக்குப் பொருந்தாது என்று எண்ணிவிடக்கூடாது. மென்றாலும் புகைத்தாலும் நிகோட்டின் சேர்வது ரத்தத்தில்தான். ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளும், சில மூலிகை மருந்துகளும், பூண்டு மாத்திரைகளும் ரத்தக் கசிவைக் கூட்டலாம் என்பதால், நாட்டு மருந்து உட்பட உட்கொள்ளும் அனைத்தையும் மருத்துவரிடம் சொல்லி, அவர் கூறியபடியே நிறுத்தவோ தொடரவோ வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ரத்தச் சர்க்கரை கட்டுக்குள் வந்தபின்னரே நாள் குறிக்கப்படும். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே முன்னதாகவே எடுக்கப்படுகிறது.

செலவையும் இப்போதே கணக்கிட வேண்டும். இந்தியாவில் மருத்துவக் காப்பீடுகள் அழகியல் அறுவையைப் பொதுவாக ஏற்பதில்லை. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய சீரமைப்புக்கே இடமளிக்கின்றன. 2018இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை மார்பக அழகியல் அறுவைகளை இலவசமாகச் செய்யும் பிரிவைத் தொடங்கியபோது, பொதுப்பணத்தை இதற்குச் செலவிடலாமா என்ற விவாதம் எழுந்தது. மடிப்புக்கடியில் கோடைதோறும் வேர்வையால் தோல் வெந்து புண்ணாகும் பெண்ணின் வேதனையும், தன் உடலை நோக்கவே கூசும் பெண்ணின் வேதனையும் வசதியுள்ளோருக்கு மட்டும் உரியவை ஆகா என்பதால், அம்முயற்சியின் அடிப்படை நியாயம் மதிக்கத்தக்கதே.

அறுவை நாள்

திட உணவை ஆறு முதல் எட்டு மணிநேரத்துக்கு முன்னும், தண்ணீரை இரண்டு மணிநேரத்துக்கு முன்னும் நிறுத்துவது பொது நடைமுறை. வயிற்றில் உணவிருந்தால் மயக்கத்தின்போது அது நுரையீரலுக்குள் ஏறும் ஆபத்து உண்டு. அரங்குக்குச் செல்லுமுன் பெண்ணை நிற்க வைத்து மருத்துவர் பேனாவால் கோடுகள் வரைகிறார், ஏனெனில் படுத்த நிலையில் மார்பகம் பக்கவாட்டில் சரிந்துவிடுவதால் தளர்ச்சியின் உண்மை அளவு தெரிவதில்லை. முழு மயக்கத்தில் தோல் நீக்கப்பட்டு, உட்திசு தையல்களால் இறுக்கப்பட்டு, காம்பு புதிய இடத்தில் பொருத்தப்படுகிறது. இடையே மேசையை நிமிர்த்தி, உட்கார்ந்த நிலையில் இருபுறமும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பதும் உண்டு. மயக்கம் தெளியும்போது குமட்டலும் தொண்டை வறட்சியும் தோன்றலாம். பலர் அன்றே வீடு திரும்புகின்றனர். சிலர் ஓர் இரவு தங்குகின்றனர்.

முதல் இரவும் மறுநாளும்

இந்த இருபத்து நான்கு மணிநேரத்தில் மிகவும் கவனிக்க வேண்டியது ரத்தக் கட்டு, அதாவது தையலுக்கு உள்ளே ரத்தம் கசிந்து தேங்குவது. இருபுறமும் சமமாக வீங்கியிருப்பது இயல்பானது; ஒருபுறம் மட்டும் திடீரெனப் பெருத்து, கல்போல் இறுகி, மாத்திரைக்கு அடங்காமல் வலித்தால் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வடிகுழாய் பொருத்தப்பட்டிருந்தால் அதில் சேரும் நீரின் அளவையும் நிறத்தையும் எழுதிவைக்குமாறு செவிலியர் கூறுவர். உடல்வெப்பம், மாத்திரை உண்ட நேரம், வலியின் அளவு ஆகியவற்றையும் அதே ஏட்டில் குறித்துவந்தால், தொலைபேசியில் மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்குத் தெளிவான விடை கிடைக்கும். அன்றே சிறிது தூரம் மெல்ல நடப்பது, கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் எளிய வழியாகும்.

மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரை

வலி முதல் இரண்டு மூன்று நாள்களில் உச்சத்தைத் தொட்டுப் பின் தணிகிறது. வீக்கமும் கன்றிய நிறமும் இன்னும் சில நாள் நீடிக்கும். சர்ஜிகல் பிரா எனப்படும் கம்பியில்லாத தாங்குடையை மருத்துவர் சொல்லும்வரை இரவும் பகலும் அணிய வேண்டும். மல்லாந்து, தலையையும் முதுகையும் சற்று உயர்த்திப் படுக்க வேண்டும். கையைத் தோளுக்கு மேல் தூக்கக்கூடாது என்பதால், தலைவழியே மாட்டும் உடைகளைத் தவிர்த்து, முன்புறம் பொத்தான் வைத்த நைட்டிகளை முன்கூட்டியே எடுத்துவைப்பது உதவும். தண்ணீர்க்குடம், மாவுப்பாத்திரம், இடுப்பில் ஏறத் துடிக்கும் குழந்தை ஆகிய எதையும் தூக்கலாகாது. இவ்விலக்குகளை வீட்டிலுள்ளோர் ஏற்று வேலைகளைப் பகிர்ந்துகொள்ளாவிட்டால், தையல் பிரிந்த குற்றத்தைப் பெண்ணின் மீது சுமத்த எவருக்கும் உரிமை இல்லை.

காய்ச்சல், பரவும் சிவப்பு, சீழ், காம்பின் நிறம் கருத்துப்போதல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அது அவசர நிலை.

இரண்டாம் வாரம்

கரையாத தையல்கள் இருப்பின் இவ்வாரத்தை ஒட்டி அகற்றப்படுகின்றன. மேசைப்பணி செய்வோர் பலர் வேலைக்குத் திரும்புகின்றனர். நங்கூர வடிவக் கீறலில் நேர்க்கோடும் கிடைக்கோடும் சந்திக்கும் மூலையில் இழுவிசை மிகுதியாதலால், அங்கே சிறு புண் திறந்து மெதுவாக ஆறுவது அரிதன்று. பெரும்பாலும் கட்டு மாற்றுவதாலேயே அது குணமாகிறது. கண்ணாடியில் தெரியும் வடிவம் இவ்வாரத்தில் ஏமாற்றமளிக்கலாம்: மேற்பகுதி மிகையாகப் புடைத்தும், அடிப்பகுதி தட்டையாகவும், நேர்க்கோட்டை ஒட்டித் தோல் சுருங்கியும் இருக்கும். உறக்கக் குறைவும் பிறரைச் சார்ந்திருக்கும் நிலையும் சேர்ந்து, ஏன் இதைச் செய்துகொண்டோம் என்ற எண்ணத்தைக் கிளப்புவதும் உண்டு. அத்தோற்றம் இடைக்கால நிலையே என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது மருத்துவரின் கடமை.

ஆறாம் வாரம்

ஓட்டம், பளு தூக்கல் போன்றவற்றுக்கு இக்காலத்தை ஒட்டியே ஒப்புதல் கிடைக்கிறது. தழும்பு சிவந்து அல்லது கருத்து, சற்றே தடித்து, அரிப்புடன் இருக்கும். புண் முழுதும் மூடியபின் சிலிக்கோன் பட்டை அல்லது களிம்பைப் பல வாரங்கள் பயன்படுத்துவதும், வெயில் படாமல் காப்பதும் அதை மென்மையாக்க உதவுகின்றன. காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் கீலாய்ட் என்னும் தழும்பு கருநிறத் தோலில் கூடுதலாகக் காணப்படுவதால், தமிழ்ப் பெண்கள் அதைப் பற்றித் தொடக்கத்திலேயே கேட்டறிந்து, அறிகுறி தென்பட்டதும் சிகிச்சை பெறுவது நல்லது.

மூன்றாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை

வீக்கம் முற்றிலும் வடிந்து, மேற்புடைப்பு இறங்கி, அடிப்பகுதி உருண்டு, மார்பகம் தன் இயல்பான வடிவை அடைகிறது. மரத்திருந்த காம்பில் உணர்வு மெல்லத் திரும்பும்போது கூச்சமும் மின்னல்போன்ற குத்தலும் தோன்றலாம். சிலருக்கு உணர்வுக் குறைவு நிலைத்துவிடுவதும் உண்டு. ரத்த ஓட்டம் குன்றிய கொழுப்பு இறுகிக் கட்டியாகத் தட்டுப்படலாம். அது பெரும்பாலும் தீங்கற்றதே எனினும், தாமாகவே அவ்வாறு முடிவுசெய்யாமல் பரிசோதித்து உறுதிப்படுத்த வேண்டும்.

ஓராண்டு நிறைவில்

தழும்புகள் வெளிறித் தட்டையாகப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதங்கள் ஆகும். அவை மங்குமே அன்றி மறைவதில்லை. உள்திசு இடம் மாறியிருப்பதால் எக்ஸ்ரேயில் புதிய நிழல்கள் தெரியக்கூடும். ஆகவே புதிய மேமோகிராம் ஒன்றை எடுத்து ஒப்பீட்டுக்காக வைத்துக்கொள்வதும், இனி எங்கு பரிசோதித்தாலும் இவ்வறுவையைத் தெரிவிப்பதும் வாழ்நாள் முழுதும் பின்பற்ற வேண்டியவை. வயதும் புவியீர்ப்பும் நின்றுவிடாமையால், காலப்போக்கில் ஓரளவு தளர்ச்சி மீளும்.

ஆகவே இவ்வறுவையிடம் ஒரு பெண் நியாயமாக எதிர்பார்க்கக்கூடியவை உயர்ந்த, உறுதியான வடிவமும், உடை அணிவதில் எளிமையும், மடிப்புப் புண்ணிலிருந்து விடுதலையுமாகும். இளமையின் மீட்சி, முழுச் சமச்சீர், பிறருடைய அன்பு ஆகியவற்றை எந்த மருத்துவராலும் தைத்துத் தர இயலாது. விளம்பரத்தின் உந்துதலோ கணவரின் விருப்பமோ உறவினரின் ஏளனமோ இம்முடிவைத் தீர்மானிக்கக்கூடாது. செய்துகொள்வதும் செய்துகொள்ளாதிருப்பதும் சம மதிப்புடைய முடிவுகளே. தழும்பு உட்பட மேற்கண்ட ஒவ்வொரு நாளையும் அறிந்து, அவற்றை ஏற்கலாமா என்று தமக்குத்தாமே விடைகண்ட பெண்ணின் ஒப்புதலே உண்மையான ஒப்புதலாகும்.